தரையில் மீன் ஏன் திணறுகிறது? உயிர்களின் வாயுப் பரிமாற்றத்தைப் படிப்படியாகப் புரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 210 மில்லி ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருப்பதோ 5 முதல் 10 மில்லிதான். அந்தக் கணக்குப்படி பார்த்தால், தண்ணீரிலிருந்து எடுத்துத் தரையில் போட்ட மீனுக்கு இருபது, நாற்பது மடங்கு ஆக்சிஜன் கிடைக்கிறது. ஆனாலும் அது வாயைத் திறந்து திறந்து மூடி, மூச்சு முட்டிச் செத்துப்போகிறது.

பள்ளியில் நான் படித்த பாடத்தில் இந்தக் கேள்வியே இல்லை. ஒரு பட்டியல் இருந்தது: மண்புழு என்றால் தோல், மீன் என்றால் செவுள், கரப்பான் பூச்சி என்றால் மூச்சுக்குழல், மனிதன் என்றால் நுரையீரல். மனப்பாடம் செய்தேன், மதிப்பெண் வாங்கினேன், மறந்தேன். பல வருடங்கள் கழித்துத்தான் அந்தப் பட்டியல் முழுவதும் ஒரே சிக்கலுக்கான வெவ்வேறு தீர்வுகள் என்று புரிந்தது. அந்தச் சிக்கலைப் பிடித்துக்கொண்டால் பட்டியலே தேவையில்லை. இதுவரை பார்த்திராத ஓர் உயிரைக் காட்டினாலும், அது எப்படி மூச்சு விடும் என்று நீங்களே ஊகிக்கலாம். அதற்கான படிகள்தான் இவை. வரிசையாகப் படியுங்கள், முதல் மூன்று படிகளைத் தாண்டிக் குதிக்க வேண்டாம்.

படி 1: மூன்று சொற்களைத் தனித்தனியாக வையுங்கள்

மூச்சு விடுதல், வாயுப் பரிமாற்றம், செல் சுவாசம். இந்த மூன்றையும் "சுவாசம்" என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

காற்றையோ தண்ணீரையோ உள்ளே இழுத்து வெளியே தள்ளும் தசை வேலை மூச்சு விடுதல். ஒரு மெல்லிய படலத்தைத் தாண்டி ஆக்சிஜன் உள்ளே போவதும் கார்பன் டை ஆக்சைடு வெளியே வருவதும் வாயுப் பரிமாற்றம். செல்லுக்குள், பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பில், உணவைச் சிதைத்து ஆற்றல் எடுப்பது செல் சுவாசம். மரம் மூச்சு விடுவதில்லை. ஆனால் வாயுப் பரிமாற்றமும் செல் சுவாசமும் அதற்கு இரவும் பகலும் உண்டு. இந்த வழிகாட்டி நடுவில் உள்ளதைப் பற்றியது.

படி 2: தூரத்தின் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

படலத்தைத் தாண்டும் வேலையை எந்த உயிரும் தசையால் செய்வதில்லை. வாயு மூலக்கூறுகள் தாமாகவே அங்குமிங்கும் அலைகின்றன. அதிகமாக இருக்கும் இடத்திலிருந்து குறைவாக இருக்கும் இடத்துக்கு அவை பரவிச் செல்வதற்கு விரவல் என்று பெயர். செலவில்லாத வேலைதான். ஆனால் அதில் ஒரு பெரிய குறை இருக்கிறது: தூரம் கூடினால் அது படுத்துவிடும்.

தண்ணீரில் ஆக்சிஜன் 10 மைக்ரோமீட்டர் தூரம், அதாவது ஒரு சிறிய செல்லின் அளவு, பரவ ஒரு நொடியில் சிறு பங்கு போதும். 1 மில்லிமீட்டர் பரவ நான்கு நிமிடம் ஆகும். 1 சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஏழு மணி நேரம். 1 மீட்டருக்கு? எட்டு வருடம்! தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகிறது என்பதுதான் இதற்குக் காரணம். உங்கள் கால் பெருவிரல் தோல் வழியாக வரும் ஆக்சிஜனை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்து இன்னொரு கணக்கு. 1 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர், கன அளவு 1. பக்கத்தை 10 சென்டிமீட்டர் ஆக்கினால் மேற்பரப்பு 600, கன அளவு 1000. முன்பு ஒவ்வொரு அலகு உடலுக்கும் ஆறு பங்கு தோல் கிடைத்தது, இப்போது 0.6 பங்குதான். உடல் பெருக்கும்போது வயிறு வளரும் வேகத்துக்கு வாசல் வளர்வதில்லை. தோலை மட்டும் நம்பும் யானை இருக்க முடியாது என்பதற்கு இதுவே காரணம்.

படி 3: நான்கு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

அடால்ஃப் ஃபிக் என்ற ஜெர்மானிய உடலியல் அறிஞர் 1855-இல் விரவலுக்கு ஒரு விதி எழுதினார். அதைச் சாதாரணப் பேச்சில் சொன்னால்: பரப்பு கூடினால் வாயு அதிகம் கடக்கும், இரு பக்கமும் உள்ள செறிவு வேறுபாடு கூடினால் அதிகம் கடக்கும், படலம் தடித்தால் குறைவாகக் கடக்கும். இதிலிருந்து மூன்று கேள்விகள் கிடைக்கின்றன. நான்காவது, உயிருள்ள செல்லின் இயல்பிலிருந்து வருகிறது.

1. பரிமாற்றம் நடக்கும் பரப்பு எங்கே, அது எவ்வளவு பெரியது?
2. நடுவில் உள்ள படலம் எவ்வளவு மெல்லியது?
3. இரு பக்கமும் வேறுபாடு குறையாமல் பார்த்துக்கொள்வது எது?
4. அந்தப் பரப்பு எப்படி ஈரமாகவே இருக்கிறது?

நான்காவது கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. மெல்லிய உயிர்ப்படலம் காய்ந்தால் செத்துவிடும். எனவே எந்த உயிரிலும், அது பாலைவனத்தில் வாழ்ந்தாலும், ஆக்சிஜன் முதலில் நீரில் கரைந்து, பிறகுதான் செல்லுக்குள் போகிறது. உங்கள் நுரையீரலின் உள்ளேயும் ஒரு மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது. தரைக்கு வந்த உயிர்கள் எல்லாம் அந்த ஈரத்தை உடலுக்குள் ஒளித்து வைத்துக் காப்பாற்றுகின்றன.

படி 4: உறுப்பே இல்லாதவற்றிலிருந்து தொடங்குங்கள்

பாக்டீரியா, அமீபா போன்றவற்றுக்கு மேலே சொன்ன கணக்கு ஒரு பொருட்டே இல்லை. உடலே ஒரு செல்தான். செல் சவ்வே வாசல். தட்டைப்புழு பல செல் உடையது, ஆனாலும் செவுள் இல்லை, இரத்தம் இல்லை. காரணம் அதன் பெயரிலேயே இருக்கிறது: அது தட்டையானது. எந்தச் செல்லும் வெளியிலிருந்து தொலைவில் இல்லை. ஜெல்லி மீன் பெரிதாகத் தெரிந்தாலும் அதன் உடலில் பெரும்பகுதி ஆக்சிஜன் அதிகம் கேட்காத கூழ். உயிருள்ள செல்கள் வெளியேயும் உள்ளேயும் மெல்லிய அடுக்குகளாக மட்டும் இருக்கின்றன. காளானின் உடல் முழுவதும் நூலிழைகள். அதுவும் இதே வழிதான்.

படி 5: தோலால் வாழ்பவை

மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது. சளியும் உடல் திரவமும் தோலை எப்போதும் நனைத்து வைத்திருக்கின்றன. தோலுக்கு அடியிலேயே இரத்த நுண்நாளங்கள் வலையாகப் பரவியிருக்கின்றன. இரத்தத்தில் ஆக்சிஜனைப் பிடித்துச் சுமக்கும் ஹீமோகுளோபின் உண்டு. ஆனால் நம்மைப்போல் அணுக்களுக்குள் இல்லாமல், இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவிலேயே கரைந்திருக்கிறது. நான்கு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள், எல்லாவற்றுக்கும் விடை இருக்கிறது. பலவீனமும் அங்கேயே தெரிகிறது: வெயிலில் காய்ந்த மண்புழு, சுற்றிலும் காற்று இருந்தும் மூச்சில்லாமல் சாகிறது.

தவளை நுரையீரல், வாயின் உட்பரப்பு, தோல் என்று மூன்றையும் பயன்படுத்துகிறது. குளிர்நாடுகளில் சில தவளைகள் பனிக்காலம் முழுக்கக் குளத்தின் அடியில் தோலால் மட்டுமே காலம் தள்ளுகின்றன. குளிரில் உடலின் தேவை குறைவு, குளிர்ந்த நீரில் ஆக்சிஜனும் அதிகம். தவளைக்கு உறவான, வாலுள்ள சலமாண்டர்களில் ஒரு பெரிய குடும்பத்துக்கு நுரையீரலே கிடையாது. தோலும் வாயும் மட்டும்தான்.

டிட்டிகாக்கா ஏரியில் ஒரு தவளை இருக்கிறது. தென் அமெரிக்காவில், கடல் மட்டத்திலிருந்து 3,800 மீட்டர் உயரத்தில் உள்ள ஏரி அது. அந்தத் தவளையின் தோல் இரண்டு அளவு பெரிய சட்டை போட்டதுபோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கும். முதல் கேள்விக்கு அதன் விடை அந்த மடிப்புகள். ஆக்சிஜன் குறைந்தால் தண்ணீருக்கடியில் நின்ற இடத்திலேயே உடலை மேலும் கீழும் ஆட்டி, மடிப்புகளைச் சுற்றியுள்ள பழைய நீரை விலக்கிப் புது நீரை வரவைக்கிறது. அது மூன்றாவது கேள்விக்கு விடை.

படி 6: செவுளுக்கு வாருங்கள், இங்கே கொஞ்சம் நிதானமாக

நீரில் மூச்சு விடுவது கடினமான பிழைப்பு. ஆக்சிஜன் குறைவு, அதைத் தாங்கி வரும் நீரோ காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு கனமானது. நம்மைப்போல் உள்ளே இழுத்து, நிறுத்தி, வந்த வழியே வெளியே தள்ளினால் மீன் சம்பாதிப்பதைவிடச் செலவழிப்பது அதிகமாகிவிடும். அதனால் மீன் ஒருவழிப் பாதை வைத்திருக்கிறது: வாய் வழியே நீர் உள்ளே, செவுள்மூடி வழியே வெளியே.

எலும்பு மீன்களில் பக்கத்துக்கு நான்கு செவுள் வளைவுகள். ஒவ்வொன்றிலும் சீப்பின் பற்கள்போல் இழைகள். ஒவ்வோர் இழையின் மேலும் கீழும் மிக மெல்லிய நுண்தட்டுகள் அடுக்கடுக்காக. இரத்தம் பாய்வது அந்தத் தட்டுகளுக்குள்தான். அவற்றுக்கு நடுவே நீர் ஒரு திசையில் போனால், உள்ளே இரத்தம் அதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. இதுதான் எதிரோட்ட முறை.

இது ஏன் முக்கியம்? இரண்டும் ஒரே திசையில் போவதாக வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் நீரில் 100, இரத்தத்தில் 0. போகப் போக நீர் குறையும், இரத்தம் ஏறும், 50-இல் இரண்டும் சமமாகும். சமமானால் விரவல் நின்றுவிடும். பாதிக்கு மேல் எடுக்க வழியில்லை. இப்போது திசையை மாற்றுங்கள். செவுளை விட்டு வெளியேறப்போகும் இரத்தம், ஏற்கெனவே 80 வரை நிரம்பியிருந்தாலும், புதிதாக நுழையும் 100 உள்ள நீரைச் சந்திக்கிறது. மறுமுனையில் கிட்டத்தட்ட எல்லாம் பறிகொடுத்த நீர், இன்னும் வெறுமையாக வரும் இரத்தத்தைச் சந்திக்கிறது. பாதை நெடுக எந்த இடத்திலும் சமநிலை வருவதே இல்லை. இந்த ஒரு ஏற்பாட்டால் நல்ல செவுள் நீரிலுள்ள ஆக்சிஜனில் 80 சதவீதம்வரை எடுத்துவிடும். நாம் இழுக்கும் காற்றிலிருந்து எடுப்பது கால் பங்குதான்: 21 சதவீதம் உள்ளே போகிறது, 16 சதவீதம் வெளியே வருகிறது.

சரி, தொடக்கக் கேள்விக்கு வருவோம். அவ்வளவு மெல்லிய நுண்தட்டுகளை விரித்துத் தாங்கி நிற்பது தண்ணீர்தான். தரைக்கு வந்ததும் தாங்க ஆளில்லாமல் அவை ஒன்றோடொன்று ஒட்டிச் சரிந்துவிடுகின்றன, நனைந்த புத்தகத்தின் பக்கங்கள்போல. பரப்பு சுருங்கிவிட்டது. சற்று நேரத்தில் மேற்பரப்பும் காயத் தொடங்குகிறது. முதல் கேள்வியிலும் நான்காவது கேள்வியிலும் மீன் தோற்றுப்போகிறது. சுற்றியுள்ள 21 சதவீத ஆக்சிஜனால் அதற்குப் பயனில்லை.

விதிவிலக்குகளும் இதே கணக்கில்தான் வருகின்றன. விரால் மீனுக்கும் பனையேறிக் கெண்டைக்கும் செவுளுக்கு மேலே, தலைக்குள், இரத்த நாளங்கள் நிறைந்த ஒரு துணை அறை உண்டு. அது காற்றிலும் சரியாது. அதனால்தான் அவை நீர் குறைந்த சேற்றிலும் தாக்குப்பிடிக்கின்றன. ஆப்பிரிக்க நுரையீரல் மீன் காற்றை இழுக்க நீரின் மேற்பரப்புக்கு வந்தே ஆக வேண்டும். குளம் வற்றினால் சேற்றில் புதைந்து, சளியால் ஓர் உறை கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும். சூரை மீன் வேறு வழியில் போய்விட்டது: வாயைத் திறந்துகொண்டு வேகமாக நீந்தியே செவுளுக்கு நீர் கொடுக்கிறது. நீந்துவதை நிறுத்தினால் அதற்கு மூச்சும் நின்றுவிடும்.

படி 7: பூச்சிகளிடம் இரத்தத்தை மறந்துவிடுங்கள்

இங்கே பலரும் தடுமாறுவார்கள். நுரையீரல் வாங்கும், இரத்தம் சுமக்கும் என்ற பழக்கத்தை விட முடிவதில்லை. பெரும்பாலான பூச்சிகளின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதில்லை. அவை காற்றையே நேராகச் செல்லின் வாசலுக்குக் குழாய் போட்டுக் கொண்டுபோகின்றன.

கரப்பான் பூச்சியின் பக்கவாட்டில் பத்து ஜோடிச் சுவாசத் துளைகள் உண்டு. அவற்றிலிருந்து மூச்சுக்குழல்கள் உள்ளே போய், கிளைத்து, கடைசியில் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள நுண்குழல்களாக ஒவ்வொரு தசைச் செல்லையும் தொடுகின்றன. காற்றில் ஆக்சிஜன் பரவும் வேகம் நீரில் பரவுவதைப்போல் ஏறக்குறைய 10,000 மடங்கு. இரண்டாம் படியில் நாம் போட்ட பயமுறுத்தும் கணக்கு நீருக்கானது. காற்று நிரம்பிய குழாய்க்குள் அது பொருந்தாது. பூச்சி அந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்கிறது.

ஈரம் எங்கே? நுண்குழலின் கடைசி முனையில் ஒரு துளி திரவம் இருக்கும். தசை கடுமையாக உழைக்கும்போது அந்தத் திரவம் செல்லுக்குள் உறிஞ்சப்பட்டு, காற்று இன்னும் நெருங்கி வரும். தேவை கூடும் நேரத்தில் தூரம் தானாகவே குறைகிறது. துளைகளுக்கு மூடிகளும் உண்டு; நீரைச் சேமிக்கப் பூச்சி அவற்றை மூடிக்கொள்ளலாம். வெட்டுக்கிளி உட்கார்ந்திருக்கும்போது அதன் வயிற்றைக் கவனியுங்கள், சுருங்கி விரிந்துகொண்டே இருக்கும். குழாய்க்குள் காற்றை அடிக்கும் வேலை அது.

மார்செல்லோ மால்பிகி என்ற இத்தாலியர் 1669-இல் பட்டுப்புழுவைப் பற்றி எழுதியபோது இந்தக் குழல்களை விவரித்தார். துளைகளில் எண்ணெய் பூசினால் புழு செத்துவிடுவதையும் அவர் கவனித்தார். வாயில் எண்ணெய் பூசினால் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் பூச்சி வாயால் மூச்சு விடுவதில்லை. தேங்கிய நீரில் எண்ணெய் விட்டால் கொசுப் புழுக்கள் சாவதும் இதனால்தான். அவை நீரின் மேற்பரப்புக்கு நீட்டும் வால்பக்கக் குழாய் அடைபடுகிறது.

இந்த முறைக்கு ஒரு விலை உண்டு. உடல் பெரிதாகப் பெரிதாகக் குழாய்கள் நீள வேண்டும், அவை உடலில் பிடிக்கும் இடமும் கூட வேண்டும். யானை அளவு எறும்பு இல்லாததற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 30 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, தும்பிக்கு உறவான மெகநியூராவின் இறக்கை விரிப்பு ஏறக்குறைய 65 சென்டிமீட்டர். அக்காலக் காற்றில் ஆக்சிஜன் இன்றைவிட அதிகம்; அதுதான் காரணமா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

படி 8: நுரையீரல், முதலில் நம்முடையது, பிறகு பறவையுடையது

நம் மூச்சுக்குழல் ஏறக்குறைய 23 முறை இரண்டிரண்டாகக் கிளைத்து, 30 கோடிக்கும் மேற்பட்ட காற்று நுண்ணறைகளில் முடிகிறது. எல்லாவற்றையும் விரித்தால் ஏறக்குறைய 70 சதுர மீட்டர்; நம் தோலின் பரப்பு 2 சதுர மீட்டர்கூட இல்லை. காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவிலுள்ள சுவர் அரை மைக்ரோமீட்டர் அளவுதான். ஓய்வில் இருக்கும்போது ஒரு சிவப்பணு அந்தச் சுவரோரம் முக்கால் நொடி நிற்கிறது. நிரம்ப கால் நொடியே போதும். ஓடும்போது இரத்தம் வேகமாகப் பாய்ந்தாலும் நாம் தாக்குப்பிடிப்பது அந்த மிச்ச அரை நொடியால்தான்.

ஈரம் இங்கே ஒரு புது ஆபத்தைக் கொண்டுவருகிறது. நீர்ப்படலத்தின் பரப்பு இழுவிசை, சிறு குமிழிபோன்ற நுண்ணறையைச் சுருட்டி மூடப் பார்க்கும். அதைத் தடுக்க நுரையீரல் செல்கள் சோப்புபோல் வேலைசெய்யும் ஒரு பொருளைச் சுரக்கின்றன. மிகவும் குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு இது போதுமான அளவு இருப்பதில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் நுரையீரலைப் புதிதாகப் பிரித்துத் திறக்க வேண்டிய நிலை. மேரி எலன் ஏவரி, ஜியர் மீட் இருவரும் 1959-இல் இதைக் கண்டுசொன்னார்கள். இன்று அந்தப் பொருளையே மருந்தாகக் குழந்தையின் நுரையீரலுக்குள் செலுத்துகிறார்கள். எத்தனையோ பிஞ்சு உயிர்களைக் காப்பாற்றிய அறிவு இது. பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்க வேண்டும் என்பது என் ஆசை.

நம் முறையின் குறை, வந்த வழியே திரும்பிப் போவது. ஒரு மூச்சில் 500 மில்லி இழுத்தால் ஏறக்குறைய 150 மில்லி குழாய்களிலேயே நின்றுவிடுகிறது. உள்ளே போவதும் ஏற்கெனவே அங்கே இருக்கும் பழைய காற்றோடு கலக்கிறது.

பறவை இதைத் தீர்த்துவிட்டது. அதன் நுரையீரல் விரிவதும் சுருங்குவதும் இல்லை. அந்த வேலையைச் சுற்றியுள்ள காற்றுப்பைகள் செய்கின்றன. பெரும்பாலான பறவைகளுக்கு ஒன்பது பைகள். முதல் முறை இழுக்கும்போது புதுக் காற்றில் பெரும்பகுதி பின்பக்கப் பைகளுக்குப் போகிறது. விடும்போது அது நுரையீரல் வழியே பாய்கிறது. இரண்டாம் முறை இழுக்கும்போது முன்பக்கப் பைகளுக்கு நகர்கிறது. இரண்டாம் முறை விடும்போதுதான் வெளியேறுகிறது. ஒரு வாய்க் காற்று உள்ளே வந்து போக இரண்டு மூச்சு! ஆனால் பறவை இழுத்தாலும் விட்டாலும் நுரையீரலில் புதுக் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். இமயமலையைத் தாண்டும் வரித்தலை வாத்துகள் 7,000 மீட்டருக்கு மேல் பறந்ததை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். 1973-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் மேலே 11,000 மீட்டர் உயரத்தைத் தாண்டி ஒரு ரூப்பெல் கழுகு விமானத்தில் மோதியது.

உயரே போனால் காற்றில் ஆக்சிஜனின் சதவீதம் குறையும் என்று நினைப்பது ஒரு பொதுவான தவறு. எவரெஸ்ட் உச்சியிலும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். காற்றழுத்தம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. அதனால் தள்ளிவிடும் வேறுபாடு குறைகிறது. மூன்றாவது கேள்விதான் அங்கே அடிபடுகிறது.

படி 9: படலத்தைத் தாண்டிய பிறகு

ஹீமோகுளோபின் மூலக்கூறு ஒன்று நான்கு ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொள்வதால் பிளாஸ்மாவில் தனியாகக் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைவாகவே இருக்கிறது, வேறுபாடு நீடிக்கிறது. கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய 70 சதவீதம் பைகார்பனேட்டாக மாறித் திரும்பி வருகிறது. அண்டார்டிகாவின் வெள்ளை இரத்தப் பனிமீன்களுக்கு ஹீமோகுளோபினே கிடையாது. உறைநிலையில் உள்ள கடல்நீரில் ஆக்சிஜன் நிறைய இருப்பதால், கரைந்ததை மட்டும் வைத்தே அவை வாழ்கின்றன.

இங்கே உயிர்காக்கும் ஒரு செய்தி. மூச்சு விடு என்று நம்மை முதலில் உந்துவது ஆக்சிஜன் குறைவு அல்ல, கார்பன் டை ஆக்சைடு கூடுவது. நீருக்கடியில் அதிக நேரம் இருக்கலாம் என்று எண்ணி வேகவேகமாக மூச்சு விட்டுவிட்டு மூழ்குபவர்கள், கார்பன் டை ஆக்சைடை மட்டும் வெளியேற்றிவிடுகிறார்கள். எச்சரிக்கை வருவதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, நினைவு தப்பி, நீருக்குள்ளேயே இறந்தவர்கள் உண்டு. பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவர்கள் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

படி 10: செடியை இரண்டு கணக்காகப் பாருங்கள்

1771-இல் ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவர்த்தி எரிந்து கெட்டுப்போன காற்றைப் புதினாச் செடி மறுபடி நல்லதாக்குவதைக் கண்டார். 1779-இல் யான் இங்கென்ஹவுஸ், அது வெளிச்சத்தில் மட்டுமே, பச்சைப் பகுதிகளில் மட்டுமே நடக்கிறது என்று காட்டினார். செல் சுவாசமோ எல்லாச் செல்லிலும் எல்லா நேரமும் நடக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கை அதை மிஞ்சுவதால் செடி ஆக்சிஜன் தருவதாகத் தெரிகிறது. இரவில் சுவாசம் மட்டும் மிஞ்சுகிறது. இரவில் மரத்தடியில் படுத்தால் ஆபத்து என்ற பயத்துக்கு இடமில்லை. அறையில் ஒரு தொட்டிச்செடி விடும் கார்பன் டை ஆக்சைடு, பக்கத்தில் தூங்கும் மனிதர் விடுவதில் மிகச் சிறிய பங்குதான்.

இலைக்குள் செல்கள் நெருக்கமாக இல்லை. நடுவே காற்றிடங்கள் உண்டு. அந்தச் செல்களின் சுவர்கள் நனைந்திருக்கின்றன. இலையின் ஈரப் பரப்பு அதுதான், நம் நுண்ணறைகள்போல. வெளியே மெழுகுப் பூச்சு, இடையிடையே இலைத்துளைகள். பொட்டாசியம் அயனிகள், துளையின் இருபுறமும் உள்ள காப்புச் செல்களுக்குள் போக, பின்னாலேயே நீர் போக, அவை உப்பி வளைந்து துளை திறக்கிறது. திறந்தால் கார்பன் டை ஆக்சைடு வரும். ஒரு மூலக்கூறு உள்ளே வருவதற்குள் நூற்றுக்கணக்கான நீர் மூலக்கூறுகள் வெளியே போய்விடும். பசிக்கும் தாகத்துக்கும் நடுவே செடி நாளெல்லாம் பேரம் பேசுகிறது. கள்ளியும் அன்னாசியும் இரவில் துளையைத் திறந்து, வாங்கிய கார்பன் டை ஆக்சைடை அமிலமாகச் சேமித்து, பகலில் கதவை மூடிக்கொண்டு சமைக்கின்றன.

வேர்களை மறந்துவிடாதீர்கள். நான் ஆசையாக வளர்த்த முதல் செடி அதிகத் தண்ணீரால் செத்தது. மண் ஈரமாக இருக்க, இலை வாடியது. தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். மண்ணிடைக் காற்றிடங்கள் நீரால் அடைபட்டதால் வேர் மூச்சு முட்டி, நீர் உறிஞ்சும் வேலையையே நிறுத்தியிருந்தது. நெல் வெள்ளத்தில் நிற்க முடிவது, தண்டிலிருந்து வேர்வரை ஓடும் காற்றறைத் திசுவால். தாமரைத் தண்டை ஒடித்தால் தெரியும் ஓட்டைகளும் அதற்கே. அலையாத்தி மரங்கள் சேற்றுக்கு மேலே மூச்சு வேர்களைக் குச்சி குச்சியாக நீட்டுகின்றன.

படி 11: கண்ணால் பாருங்கள்

ஒரு பச்சை இலையைப் பறித்து, ஆவி பறக்கும் சுடுநீரில் இடுக்கியால் மூழ்கவிடுங்கள். உள்ளிருக்கும் காற்று விரிந்து, துளைகள் வழியே குமிழிகளாக வரும். பெரும்பாலான இலைகளில் அடிப்பக்கம்தான் அதிகம் வரும். மிதக்கும் அல்லி இலையில் மேல்பக்கம். காரணத்தை நீங்களே சொல்லிவிடலாம்.

இலையின் அடிப்பக்கம் நிறமற்ற நகப்பூச்சைத் தடவி, நன்றாகக் காய்ந்தபின் ஒட்டுநாடாவால் உரித்து, நுண்ணோக்கியில் வையுங்கள். இலைத்துளைகளின் அச்சு உதடுகள்போல் தெரியும்.

தெளிந்த சுண்ணாம்பு நீரில் உறிஞ்சுகுழலால் மெதுவாக ஊதினால் பால்போல் ஆகும். உறிஞ்சிவிடக் கூடாது, கண்ணில் படக் கூடாது. அப்புறம், வீட்டில் மீன்தொட்டி இருந்தால் மீனின் வாயும் செவுள்மூடியும் மாறி மாறி அசைவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். காலையிலும் நண்பகலிலும் எண்ணி ஒப்பிடுங்கள். நீர் சூடேறினால் ஆக்சிஜன் குறையும், மீனின் தேவை கூடும்.

படி 12: ஒரு முட்டையிடம் நான்கு கேள்விகளையும் கேளுங்கள்

மூடிய ஓட்டுக்குள் 21 நாள் ஒரு கோழிக்குஞ்சு வளர்கிறது. காற்று எங்கிருந்து?

ஓட்டில் ஏறக்குறைய 10,000 நுண்துளைகள் உண்டு. உட்புறம் முழுக்க இரத்த நாளங்கள் நிறைந்த ஒரு சவ்வு ஒட்டிப் படர்ந்திருக்கிறது: பரப்பும் மென்மையும் கிடைத்துவிட்டன. குஞ்சின் இதயம் அந்தச் சவ்வுக்கு இரத்தத்தை அனுப்பிக்கொண்டே இருப்பதால் வேறுபாடு நிற்கிறது. ஈரம் முட்டைக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் துளைகள் வழியே அது மெல்ல ஆவியாகி, அடைகாக்கும் காலத்தில் முட்டையின் எடை ஏழில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். அந்த இழப்பும் வீண்போவதில்லை. நீர் போன இடத்தில் மழுங்கிய முனையில் ஒரு காற்றறை பெருகுகிறது. பொரிவதற்கு ஓரிரு நாள் முன்பு, சவ்வு மட்டும் போதாத அளவு குஞ்சு வளர்ந்திருக்கும். அப்போது அது அலகால் உள்சவ்வைக் குத்தி, தலையை அந்தக் காற்றறைக்குள் நீட்டி, நுரையீரலால் முதல் மூச்சை இழுக்கிறது. ஓடு இன்னும் உடையவில்லை. காதருகே வைத்துக் கேட்டால் உள்ளிருந்து கீச்சென்ற சத்தம் வரும்.